ராகிங் இல்லாம பாண்டிங் வராதா? பபூன்களைக் கேட்டுப் பார்ப்போம்



கவுன்சலிங் முடிஞ்சு, ஃபீஸ் கட்டி, பக்கெட்டும் பாயும் இரும்புப் பெட்டியுமா ஃபர்ஸ்ட் இயர் பசங்க வந்து இறங்கற சீசன் இது. அவங்களோட சேர்ந்து வருஷா வருஷம் தவறாம வந்து இறங்கற ஒரு வசனமும் இருக்கு. உங்களுக்கே மனப்பாடமா தெரியும். "இது ராகிங் இல்லடா தம்பி, சும்மா இன்ட்ரோ. இப்படி ஆரம்பிச்சாத்தான் சீனியர் ஜூனியர் பாண்டிங் வரும். எங்க சீனியருங்க எங்களைப் பண்ணதுல கால்வாசிகூட நாங்க பண்ணல."

இதைக் கேட்காம நம்ம யாரும் செகண்ட் இயருக்கு வரல. சில பேர் செகண்ட் இயர் வந்ததும் அதே வசனத்தை அதே ஏற்ற இறக்கத்தோட சொல்லவும் ஆரம்பிச்சிட்டாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு நான் இங்க பாடம் எடுக்கப் போறதில்ல. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொலை செய்யப்பட்டதும், அதன் அதிர்ச்சியில் அடுத்த வருஷமே தமிழ்நாடு அரசு ராகிங் தடைச் சட்டம் கொண்டு வந்ததும் நம்ம அப்பா அம்மாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், காலேஜைவிட்டு நீக்கம், வேற காலேஜ்லயும் இடம் கிடையாது. 2009-ல் யுஜிசி விதிகள் வந்தது. அதனாலதான் அட்மிஷன் அப்போ நீங்களும் வீட்டுல இருக்கறவங்களும் ஒரு உறுதிமொழியில கையெழுத்துப் போட்டீங்க. போட்டதோட மறந்தும் போயிருப்பீங்க.

சட்டம் "பண்ணாதே"ன்னு சொல்லுது, சரி. ஆனா அந்த வசனத்துக்கு சட்டத்துக்கிட்ட பதில் இல்ல. ஏன்னா "ராகிங் பண்ணா பாண்டிங் வரும்"ங்கறது ஒரு உயிரினத்தோட நடத்தை பத்தின கூற்று. நாமெல்லாம் இன்ஜினியரிங் படிக்கறவங்க. ஒருத்தன் ஒரு கூற்றைச் சொன்னா "டேட்டா எங்க?"ன்னு கேட்கறதுதான் நம்ம வேலை. மனுஷனும் ஒரு பாலூட்டிதான். பாலூட்டிகள் எப்படிப் பழகுது, எப்படி நெருங்குதுன்னு பல பேர் வருஷக்கணக்கா காட்டுலயும் லேப்லயும் உட்கார்ந்து பார்த்து எழுதி வெச்சிருக்காங்க. அதை எடுத்துப் பார்ப்போமே.

முதல்ல பபூன். ஏன் பபூன்னா, நம்ம பாய்ஸ் ஹாஸ்டலுக்கு அதைவிடப் பொருத்தமான மிருகம் கிடைக்காது. கோச்சுக்காதீங்க, விஷயத்தைக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

ராபர்ட் சபோல்ஸ்கின்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர். இளவயசுல இருந்தே கென்யாவின் மசாய் மாரா பகுதிக்குப் போய் சவன்னா பபூன் கூட்டங்களைக் கவனிச்சவர். இந்தப் பபூன் கூட்டத்துல ஆண்களுக்குள்ள ஒரு ஏணி இருக்கும். மேல இருக்கறது கீழ இருக்கறதை அடிக்கும். அடி வாங்கினது திருப்பி அடிக்காது, அடிக்கவும் முடியாது. நேரா போய் தனக்குக் கீழ இருக்கற இன்னொன்னை அடிக்கும். அது போய் ஒரு பெண் பபூனைத் துரத்தும். அந்தப் பெண் ஒரு குட்டியைக் கடிக்கும். காலையில மேல ஆரம்பிச்ச கோபம் படிப்படியா இறங்கி, ஒரு சம்பந்தமும் இல்லாத குட்டியோட வால்ல போய் முடியும். பபூன்கள்கிட்ட நடக்கற சண்டையில பெரிய பங்கு இந்த மாதிரி இடம் மாத்தின கோபம்தான்.

"எங்க சீனியருங்க எங்களைப் பண்ணாங்க" வசனம் இப்ப வேற மாதிரி கேட்குதா?

அங்க இன்னொரு விஷயமும் உண்டு. ஆண் பபூன் வயசுக்கு வந்ததும் பிறந்த கூட்டத்தைவிட்டுக் கிளம்பி வேற கூட்டத்துல போய்ச் சேரும். தெரிஞ்ச முகம் ஒண்ணு கிடையாது, பெட்டி படுக்கைகூட கிடையாது, மத்தபடி ஃபர்ஸ்ட் இயரேதான். புதுசா வந்த இந்தப் பையனைப் பெண்கள் கண்டுக்காது. பெரிய ஆண்களோ கை அரிக்கும்போது அடிக்க ஒரு ஆள் கிடைச்சான்னு மட்டும் கண்டுக்கும். இது பல மாசம் ஓடும், சில சமயம் வருஷக்கணக்கா ஓடும்.

இனிதான் கதை. சபோல்ஸ்கி கவனிச்ச கூட்டங்கள்ல ஒண்ணு 'ஃபாரஸ்ட் ட்ரூப்'. பக்கத்துல ஒரு சுற்றுலா விடுதி. விடுதி ஆளுங்க மிச்ச மீதியைக் கொட்டற குப்பைக்குழி ஒண்ணு. அந்தக் குழியை இன்னொரு பபூன் கூட்டம் ஏற்கெனவே பிடிச்சு வெச்சிருந்தது. ஃபாரஸ்ட் ட்ரூப் ஆண்கள்ல பாதிப் பேர் தினமும் காலையில போய் அங்க சண்டை போட்டுச் சாப்பிட்டுட்டு வரும். எந்தப் பாதின்னு நினைக்கறீங்க? முரட்டுப் பாதி. சண்டைக்கு அஞ்சாத, மத்தவங்களோட உட்கார்ந்து பழகறதுல விருப்பமில்லாத ஆண்கள். பழகற குணமுள்ள, சாதுவான ஆண்கள் அந்த நேரத்துல தன் கூட்டத்தோடயே உட்கார்ந்திருக்கும்.

1980-களின் நடுவுல அந்தக் குப்பையில வந்த இறைச்சியில காசநோய்க் கிருமி இருந்தது. போய்ச் சாப்பிட்ட ஆண்கள் அத்தனையும் செத்துப் போச்சு. ஃபாரஸ்ட் ட்ரூப்ல மிஞ்சினது பெண்கள், குட்டிகள், சாதுவான அந்தப் பாதி ஆண்கள். அதுக்கப்புறம் கூட்டத்தோட சுபாவமே மாறிப்போச்சு. ஏணி இருந்தது, மேல யாரு கீழ யாருங்கற போட்டியும் இருந்தது. ஆனா போட்டி சமபலம் உள்ள ரெண்டு பேருக்குள்ள நடந்து முடிஞ்சது. ரொம்பக் கீழ இருக்கறவனைத் தேடிப்போய் அடிக்கறது குறைஞ்சது. ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல உட்கார்ந்து பேன் பார்க்கறது கூடிச்சு.

இதுவரைக்கும் ஆச்சரியம் ஒண்ணுமில்ல. முரடனுங்க செத்தா அமைதி வரும், இதுக்கு ஒரு ஆராய்ச்சியான்னு நீங்க கேட்கலாம். ஆச்சரியம் பல வருஷம் கழிச்சு வந்தது. 1993-ல் அந்தக் கூட்டத்தைத் திரும்பக் கவனிக்க ஆரம்பிச்சப்போ, அந்தச் சாது ஆண்கள்ல ஒண்ணுகூட அங்க இல்ல. எல்லாம் காலமாகியிருந்தது, இல்ல இடம் மாறியிருந்தது. இருந்த ஆண்கள் அத்தனையும் அதுக்கப்புறம் வெளியூர்ல இருந்து வந்து சேர்ந்தவை. சாதாரண முரட்டுக் கூட்டங்கள்ல பிறந்து வளர்ந்து, அந்தப் பழக்கத்தோட வந்த பையன்கள். ஆனா கூட்டத்தோட குணம் அப்படியே இருந்தது! கீழ்ப்படியில இருக்கற ஆண்களோட உடம்புல மத்த கூட்டங்கள்ல தெரியற மன அழுத்தத்தோட அடையாளங்கள் இங்க தெரியல. சபோல்ஸ்கியும் லிசா ஷேரும் சேர்ந்து 2004-ல் இதைக் கட்டுரையா வெளியிட்டாங்க.

யாரு அந்தப் புதுப் பையன்களுக்குச் சொல்லிக் குடுத்தது? ஓரியண்டேஷன் புரோகிராமா வெச்சாங்க? அந்தக் கட்டுரையிலேயே ஒரு துப்பு இருக்கு. சாதாரணக் கூட்டத்துல புதுசா வந்த ஆணுக்கு ஒரு பெண் முதல்முறையா பேன் பார்க்க சராசரியா 78 நாள் ஆகும். ஃபாரஸ்ட் ட்ரூப்ல 20 நாள். அங்க பெண்களுக்கு அடி உதை குறைவு. அதனால பயம் குறைவு. அதனால புதுசா வந்தவனைச் சீக்கிரமே பக்கத்துல சேர்த்துக்கிச்சு. பக்கத்துல சேர்த்துக்கிட்டதும் அவனும் அடங்கி உட்கார்ந்தான். சபோல்ஸ்கி தர்ற விளக்கம் ஏறக்குறைய இதுதான்.

இது ஒரே ஒரு கூட்டத்தோட கதை, விபத்தா நடந்த சோதனை. லேப் ரெக்கார்டுல எழுதற மாதிரி 'கன்ட்ரோல்' வெச்சுப் பண்ணது இல்ல. அதனால "நிரூபணம் ஆயிடுச்சு"ன்னு நான் மேஜையைத் தட்ட மாட்டேன். ஆனா "இது காலங்காலமா வர்ற பழக்கம், மாத்த முடியாது, ஆம்பளைப் பசங்க சுபாவமே அப்படித்தான்"னு சொல்றவங்களுக்கு இது ஒண்ணு போதும். சண்டைக்குப் பேர்போன பபூனே பத்து வருஷத்துக்குள்ள மாத்திக்கிச்சு.

பேன் பார்க்கறதைப் பத்திக் கொஞ்சம் பேசணும். ஏன்னா பாண்டிங்கோட அசல் இயந்திரம் அங்கதான் ஓடுது. குரங்கு இனங்கள்ல இதுக்காகச் செலவழிக்கற நேரம் கொஞ்ச நஞ்சம் இல்ல. எத்தியோப்பிய மலைகள்ல வாழற கெலடா குரங்கு மாதிரிப் பெரிய கூட்டமா இருக்கற சில இனங்கள் பகல் பொழுதுல ஐந்தில் ஒரு பங்கு வரை இதிலேயே கழிக்குது. சுத்தத்துக்கு இவ்வளவு நேரம் தேவையே இல்ல. ராபின் டன்பார்ங்கற ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் சொல்றது என்னன்னா, இது உறவைக் கட்டற வேலை. மெதுவா வருடும்போது மூளையில எண்டார்ஃபின் சுரக்குது, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நிம்மதி படியுது. மனுஷக் கூட்டம் பெருசானதும் எல்லாருக்கும் உட்கார்ந்து பேன் பார்க்க நேரம் பத்தல. அந்த இடத்துக்குப் பேச்சும் அரட்டையும் சிரிப்பும் வந்துதுங்கறது அவரோட வாதம். வாதம்தான், மறுக்கறவங்களும் இருக்காங்க. ஆனா எங்க ஊர்ல மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு திண்ணையில பாட்டி அம்மாவுக்கும், அம்மா அக்காவுக்கும் வரிசையா உட்கார்ந்து பேன் பார்க்கறதையும், அப்போ தெருவுல இருக்கற அத்தனை வீட்டுக் கதையும் ஓடறதையும் பார்த்த எனக்கு டன்பார் சொல்றது ரொம்பப் புதுசா தெரியல. பேனும் பேச்சும் எங்க வீட்டுல ஒரே வேலையாத்தான் இருந்தது.

இதுல கவனிங்க, பேன் பார்க்கறவங்களுக்கு என்ன லாபம்? ஒண்ணுமில்ல. நேரம் போகுது. அந்த நேரத்தைக் குடுக்கறதுதான் விஷயமே.

மனுஷங்களுக்கு இந்த நேரக் கணக்கைக்கூட ஒருத்தர் போட்டுப் பார்த்திருக்கார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வு. அவர் கேட்டவங்கள்ல ஒரு பகுதி புதுசா காலேஜ் சேர்ந்த மாணவர்கள். அறிமுகத்துல இருந்து சும்மா ஒரு நண்பன்னு சொல்ற நிலைக்கு வர சுமார் 50 மணி நேரம். நண்பன்னு உறுதியா சொல்ல 90 மணி நேரம். நெருங்கின நண்பன்னா 200 மணி நேரத்துக்கு மேல. அதுவும் கிளாஸ்ல பக்கத்துல உட்கார்ந்த நேரம் அவ்வளவா உதவாது, சும்மா சேர்ந்து இருக்கற நேரம், விளையாடற நேரம், சாப்பிடற நேரம்தான் உதவுதாம். மெஸ்ல மூணு வேளையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்னு வெச்சா 200 மணி நேரத்துக்கு 133 நாள். ஒன்றரை செமஸ்டர்! இதை ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ரூமுல பத்து பேர் சுத்தி நின்னு, தலையைக் குனிய வெச்சு, இருபது நிமிஷத்துல முடிச்சிடலாம்னு நினைக்கறது நம்ம டிப்பார்ட்மென்ட் பசங்களுக்கு மட்டுமே வர்ற தன்னம்பிக்கை. பரீட்சைக்கு முந்தின நாள் அஞ்சு யூனிட்டும் முடிக்கறவன்தானே.

அவசரப்படாம நம்பிக்கை வளர்றது எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா வௌவால்கிட்ட போகணும். அதுவும் ரத்தம் குடிக்கற வௌவால். மத்திய, தென் அமெரிக்காவுல இருக்கற இந்த வகைக்கு ரெண்டு மூணு ராத்திரி சேர்ந்தாப்ல இரை கிடைக்கலேன்னா உயிர் போயிடும். அதனால வயிறு நிறைஞ்சது, பட்டினியா வந்ததுக்கு தான் குடிச்ச ரத்தத்தைக் கக்கி ஊட்டும். ஜெரால்ட் வில்கின்சன் கோஸ்டா ரிகாவுல இதைக் கவனிச்சு 1984-ல் எழுதினார். சொந்தக்காரங்களுக்கு மட்டும் குடுக்கறதில்ல, கூடவே தங்கிப் பழகினதுக்கும் குடுக்கும்.

அப்போ முன்பின் தெரியாத ரெண்டு வௌவால் எப்படி அந்த நிலைக்கு வருது? 2020-ல் ஜெரால்ட் கார்ட்டரும் கூட்டாளிகளும், தூரத் தூர இடங்கள்ல பிடிச்ச வௌவால்களை ஒண்ணா விட்டுப் பார்த்தாங்க. எடுத்த உடனே எதுவும் ரத்தம் குடுக்கல. முதல்ல ஒண்ணு இன்னொண்ணோட ரோமத்தைச் சுத்தம் பண்ணிப் பார்க்குது. செலவு ரொம்பக் கம்மி. அது திருப்பிப் பண்ணினா இதுவும் இன்னும் கொஞ்சம் பண்ணுது. அப்படியே நாளாக நாளாக, சில ஜோடிகள் மட்டும், ஒரு நாள் ரத்தம் குடுக்கற அளவுக்கு வருது. சின்னதுல ஆரம்பிச்சுப் பெருசுக்குப் போகுது.

நம்ம ஹாஸ்டல்ல உருப்படியா வளர்ந்த எந்த நட்பையும் எடுத்துப் பாருங்க, இதே வரிசைதான். முதல்ல பேனா. அப்புறம் ஜெராக்ஸ் எடுக்க நோட்டு. அப்புறம் ரெக்கார்டு. அப்புறம் சட்டை. அப்புறம் ஒரு நாள் "மச்சான், எக்ஸாம் ஃபீஸ் கட்ட நாளைக்குக் கடைசி நாள்டா"ன்னு சொன்னா, கேள்வி கேட்காம ஜிபே பண்றான். ராகிங்ல என்ன நடக்குது? முதல் நாளே பெருசா கேட்கறாங்க. உன் மானத்தைக் குடு, பயத்தைக் குடு, உங்க அம்மா பேரைச் சொல்லி நாங்க சிரிக்கறப்போ நீயும் சிரி. அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

சரி, எதிர்வாதத்துக்கு வருவோம். ஓடி ஒளியக் கூடாது. "டேய், எங்களை அவ்வளவு பண்ணாங்க, ஆனா இன்னிக்கு அந்த அண்ணன்தான்டா எனக்கு எல்லாம். அவர்தான் கம்பெனியில ரெஃபர் பண்ணார்"னு சொல்றவங்க இருக்காங்க. பொய் சொல்லல. உண்மையாவே அப்படித்தான் உணர்றாங்க. அது ஏன்?

இதுக்கு 1959-லயே ஒரு சோதனை இருக்கு. எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ்னு ரெண்டு பேர். காலேஜ் மாணவிகளை ஒரு கலந்துரையாடல் குழுவில் சேரச் சொன்னாங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒரு 'நுழைவுத் தேர்வு'. சிலருக்குத் தேர்வே இல்ல, சிலருக்கு லேசான தேர்வு, சிலருக்குக் கூசவைக்கற ஆபாச வார்த்தைகளை ஆராய்ச்சியாளர் முன்னாடி சத்தமா படிக்கணும். அதுக்கப்புறம் எல்லாருக்கும் அந்தக் குழுவோட பேச்சைப் போட்டுக் காட்டினாங்க. வேணும்னே சவசவன்னு தயாரிச்ச பேச்சு. மத்தவங்க "போர்"னு சொன்னாங்க. கஷ்டப்பட்டு உள்ள வந்தவங்க மட்டும் "நல்லா இருந்துச்சு"ன்னு அதிக மார்க் போட்டாங்க.

அதாவது, இவ்வளவு அவமானம் பட்டது வீணா போகலன்னு மனசு தனக்குத்தானே கணக்கை நேர் பண்ணிக்குது. இதைத்தான் ராகிங் ஆதரவாளர்கள் பாண்டிங்னு காட்டறாங்க. ஆனா ஒரு விஷயத்தை விட்டுடறாங்க. அந்தச் சோதனையில அந்தப் பேச்சு நல்லா ஆயிடல, அது சவசவன்னே இருந்தது. குழு அந்தப் பொண்ணை நேசிக்கவும் ஆரம்பிக்கல, அவ மனசுக்குள்ளதான் மார்க் ஏறிச்சு. அந்த அண்ணன் ரெஃபர் பண்ணது நல்ல மனசால. முதல் நாள் முட்டி போட வெச்சதால இல்ல. முட்டி போட வெச்சுட்டு அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காத மத்த ஒன்பது பேரோட பேர் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அவங்களும் அதே இன்ட்ரோதான் எடுத்தாங்க.

இன்னொண்ணு. எல்லாம் தாங்கி, கடைசியில "நல்லா இருந்துச்சு"ன்னு சொல்றவங்கதான் இங்க இருக்காங்க. ரெண்டாவது வாரமே டிசி வாங்கிட்டு ஊருக்குப் போனவன் இந்தக் கட்டுரைக்குப் பதில் எழுத இங்க இல்ல. வர்ற சர்வே எல்லாம் மிஞ்சினவங்ககிட்ட எடுத்ததுதான்.

சேர்ந்து கஷ்டப்பட்டா நெருக்கம் வராதான்னு கேட்டா, வரும். சேர்ந்துங்கற வார்த்தையில இருக்கு விஷயம். ஆக்ஸ்ஃபோர்ட் படகுப் போட்டி வீரர்களை வெச்சு 2010-ல் ஒரு சின்ன ஆய்வு பண்ணாங்க. ஜிம்மில் துடுப்புப் போடற மெஷின்ல ஒரு நாள் தனியா, ஒரு நாள் எல்லாரும் ஒரே தாளத்துல. உழைப்பு அதேதான். முடிச்சதும் கையில பிரஷர் பார்க்கற பட்டையை இறுக்கி, எந்த அளவுக்கு வலி தாங்கறாங்கன்னு பார்த்தாங்க. சேர்ந்து பண்ண நாள்ல அதிகமா தாங்கினாங்க, எண்டார்ஃபின் வேலை. இங்கிலாந்துல 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வுல, புதுசா ஆரம்பிச்ச பாட்டு வகுப்புகளையும், கைவேலை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாசம் தொடர்ந்து பார்த்தாங்க. கடைசியில எல்லா வகுப்புலயும் நெருக்கம் ஒரே அளவுதான். ஆனா பாடினவங்க ரொம்பச் சீக்கிரமே அங்க வந்து சேர்ந்துட்டாங்க.

இங்கதான் எனக்குச் சிரிப்பு வரும். ஏன்னா இன்ட்ரோவுல தவறாம வர்ற ஐட்டம் எது? "ஒரு பாட்டுப் பாடு." ஆயுதம் கையிலேயே இருக்கு, பிடிக்கறதுதான் தலைகீழ். ஒருத்தன் நடுங்கிக்கிட்டு பாட பத்து பேர் சிரிக்கறது ஒண்ணு. பதினோரு பேரும் சேர்ந்து, ஸ்ருதி போனாலும் பரவாயில்லன்னு தட்டுல தாளம் போட்டுக் கத்தறது வேற ஒண்ணு. பாட்டு ரெண்டுலயும் ஒரே பாட்டா இருக்கலாம்.

பாண்டிங்னு சொன்னா எல்லாமே நல்லதுன்னும் நினைச்சுடாதீங்க. சிகாகோவுல எலிகளை வெச்சு ஒரு ஆய்வு. ஒரு எலி சின்னக் குழாய்க்குள்ள மாட்டிக்கிட்டா, கூட வாழ்ந்த எலி போராடிக் கதவைத் திறந்துவிடும். 2011-ல் இதைக் காட்டினாங்க. 2014-ல் அடுத்த கேள்வி: முன்பின் தெரியாத எலியையும் விடுவிக்குமா? தன் இனத்து எலியைன்னா விடுவிச்சது. வேற நிறத்து இனம்னா கண்டுக்கல. ஆனா அந்த வேற இனத்து எலி ஒண்ணோட கொஞ்ச நாள் ஒரே கூண்டுல தங்கியிருந்தா, அந்த இனத்துல முன்பின் தெரியாததையும் விடுவிச்சது. இன்னும் கேளுங்க. பிறந்ததுல இருந்து கறுப்பு எலிகளோடயே வளர்ந்த ஒரு வெள்ளை எலி, கறுப்பு எலியைத்தான் விடுவிச்சது. தன் சொந்த வெள்ளை இனத்துல தெரியாத எலியை விட்டுடுச்சு. எலிக்கு ரத்தமோ தோல் நிறமோ கணக்கில்ல, யாரோட தங்கினோம்ங்கறதுதான் கணக்கு.

நம்ம ஹாஸ்டல் ரூம் லிஸ்ட் போடும்போது "எங்க ஊர்ப் பசங்க எல்லாம் ஒரே ரூம்", "எங்க ஆளுங்க ஒரே விங்"னு மாத்தி மாத்தி எழுதி வாங்கறோமே, "எங்க ஆளுங்க"ன்னா யாருன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதை வார்டன் கண்டும் காணாம கையெழுத்துப் போடறதும் தெரியும். முன்பின் தெரியாதவனோட ஒரு வருஷம் ஒரே ரூமுல தங்கறது, சமத்துவம் பத்தி மேடையில பேசற எத்தனையோ பேச்சைவிட அதிக வேலை செய்யும்ங்கறது என் கருத்து. இதை எழுதினதுக்கு எத்தனை பேர் என்னோட பேசாம போவாங்கன்னு பார்க்கணும்.

இப்ப நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை. ராகிங்கைத் தடுக்கறேன்னு பல காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயருக்குத் தனி பிளாக், தனி மெஸ் டைம், தனி பஸ்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. அடி விழாம இருக்க அது உதவுது. முதல் மாசத்துக்கு அது தேவைன்னுகூட ஒத்துக்கறேன். ஆனா வருஷம் முழுக்கப் பிரிச்சு வெச்சா என்ன ஆகும்? ஃபாரஸ்ட் ட்ரூப்ல புதுப் பையனை அமைதியாக்கினது, 20 நாள்ல ஒருத்தர் வந்து பக்கத்துல உட்கார்ந்தது. சுவர் எழுப்பி வெச்சா 78 நாள் இல்ல, 365 நாள் ஆனாலும் யாரும் வந்து உட்கார மாட்டாங்க. மேத்ஸ் ஒன்ல முதல் இன்டர்னல்ல பத்து மார்க் வாங்கிட்டு, தமிழ் மீடியத்துல இருந்து வந்து கிளாஸ்ல ஒரு வார்த்தை புரியாம, வீட்டுக்குப் போன் பண்ணி "நல்லா இருக்கேம்மா"ன்னு பொய் சொல்லிட்டு ராத்திரி முழிச்சிருக்கற பையனுக்கு, "டேய், நானும் அதே பேப்பர்ல அரியர் வெச்சவன்தான், இந்த ரெண்டு யூனிட்டை முதல்ல பாரு"ன்னு சொல்ல ஒரு அண்ணன் வேணும், ஒரு அக்கா வேணும். அந்த அண்ணனைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்திட்டோம். அப்புறம் ரெண்டாவது வருஷம் சுவரை எடுத்ததும், அதுவரைக்கும் ஒரு பேச்சுகூடப் பேசாத ரெண்டு கூட்டத்தை ஒரே கூண்டுல விடறோம்.

நான் கேட்கறது பெருசா ஒண்ணுமில்ல. மெஸ்ல வாரத்துக்கு ரெண்டு நாளாவது ராத்திரிச் சாப்பாடு எல்லா வருஷத்துக்கும் ஒண்ணா இருக்கட்டும், வார்டனோ டியூட்டரோ அங்கேயே உட்கார்ந்து சாப்பிடட்டும். லேப் ரெக்கார்டு எழுதற முதல் வாரம் தேர்ட் இயர்ல விருப்பமுள்ள நாலு பேரை உட்கார வைங்க. இன்டர் டிப்பார்ட்மென்ட் வாலிபால் டீம்ல ஃபர்ஸ்ட் இயரைப் பந்து பொறுக்க மட்டும் அனுப்பாம களத்துல இறக்குங்க.

மத்தது செகண்ட் இயர்க்காரங்க கையில இருக்கு. ஏணியில நடுவுல நிக்கறது நீங்கதான். போன வருஷம் மேல இருந்து வந்த அடி உங்க மேல விழுந்திருக்கு, கீழ ஒருத்தன் புதுசா வந்து நிக்கறான். அவன் இன்னும் எந்தக் கூட்டத்துல வந்து சேர்ந்திருக்கோம்னு முடிவு பண்ணல. இன்னிக்கு ராத்திரி மெஸ்ல சாம்பார் வாளி எங்க இருக்குன்னு தெரியாம தட்டோட நின்னுக்கிட்டிருப்பான். பேரைக் கேளுங்க, ஊரைக் கேளுங்க. பக்கத்துல ஒரு இடம் காலியா இருந்தா தள்ளி உட்காருங்க.